கணக்கில் உபரி, கஜானாவில் ஓட்டை: யூபாரி நகராட்சி திவாலானது எப்படி?

ஜப்பானின் வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவில் யூபாரி என்றொரு சிறு நகரம். கடனைச் சமாளிக்க இனித் தன்னால் ஆகாது என்று அந்த நகராட்சி 2006 ஜூனில் அறிவித்தது. மறு ஆண்டு மார்ச்சில் மத்திய அரசின் கண்காணிப்புக்குள் போனது. அன்று அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 13,000 பேர். அவர்கள் அடைக்க வேண்டிய பற்றாக்குறை 3,530 கோடி யென், அன்றைய மாற்று மதிப்பில் 1,300 கோடி ரூபாய்க்கு மேல். கைக்குழந்தையையும் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரையும் சேர்த்துப் பங்கு போட்டால் ஆளுக்கு 27 லட்சம் யென். திட்டப்படி அதன் கடைசித் தவணை 2027 மார்ச்சில்தான் வருகிறது.

இதைப் படிக்கும் எவருக்கும் ஒரு இடத்தில் குழப்பம் வரும். திவால் அறிவிப்புக்கு முன்புவரை, யூபாரியின் ஆண்டுக் கணக்கில் பற்றாக்குறையே கிடையாது. ஆண்டுதோறும் வரவும் செலவும் சரிக்கட்டி நின்றன. கணக்கு மன்றத்தில் வைக்கப்பட்டது, உறுப்பினர்கள் ஏற்றார்கள், மேலிடத்துக்கும் போனது. அப்படியானால் இவ்வளவு பெரிய ஓட்டை எங்கே ஒளிந்திருந்தது? இதற்கு விடை தெரிந்தால் எந்த ஊர் நகராட்சியின் கணக்கையும் எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது பிடிபடும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஜப்பானியச் சிறு நகரம் ஒன்றின் வரவு பெரும்பாலும் நான்கு வழிகளில் வருகிறது.

1. சொந்த வரி. குடியிருப்பவர் வரியும் சொத்து வரியும் இதில் முக்கியம். குடியிருப்பவர் வரியில் வருமானத்துக்கு ஏற்ற பங்கு ஒன்றும், தலைக்கு இவ்வளவு என்ற நிலையான பங்கு ஒன்றும் உண்டு. சொத்து வரியின் வழக்கமான விகிதம் 1.4 சதவீதம்.

2. மத்திய அரசின் பகிர்வு நிதி. வருமான வரி, நிறுவன வரி, நுகர்வு வரி ஆகியவற்றில் ஒரு பகுதியை, சொந்த வரி போதாத ஊர்களுக்கு மத்திய அரசு பிரித்துத் தருகிறது. இதை எதற்குச் செலவிடுவது என்பது நகராட்சியின் விருப்பம். சிறிய ஊர்கள் பலவற்றுக்கு இதுதான் உயிர்நாடி.

3. குறிப்பிட்ட வேலைக்கென்று வரும் மானியம். பள்ளிக்கூடம் கட்ட வந்ததைச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது.

4. நீண்ட காலக் கடன். பாலம், குழாய், கட்டடம் போலப் பல ஆண்டு நிற்கும் சொத்துக்காகக் கடன் பத்திரம் வெளியிட்டு வாங்குவது.

முதல் இரண்டையும் கூட்டினால், நகராட்சி தன் விருப்பப்படி செலவிடக்கூடிய வழக்கமான ஆண்டு வருமானம் ஏறத்தாழக் கிடைக்கும். ஜப்பானிய நிதிச் சட்டத்தில் இதற்கு ‘நிலையான நிதி அளவு’ என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. ஊரின் கடன் பெரியதா சிறியதா என்பதை இதோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். யூபாரிக்கு அது சுமார் 440 கோடி யென். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். நகராட்சிக்கு ஒரே பணப்பெட்டி கிடையாது. சம்பளம், சாலை, பள்ளி, நலத்திட்டம் எல்லாம் பொதுக் கணக்கில் வரும். குடிநீர், கழிவுநீர், மருத்துவமனை, சுற்றுலா போன்றவற்றுக்குத் தனித்தனிச் சிறப்புக் கணக்குகள் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கடன் கொடுக்கலாம். யூபாரியின் கதை முழுவதும் இந்தப் பெட்டிகளுக்கு நடுவில்தான் நடந்தது.

நிலக்கரி போனது, பொறுப்புகள் வந்து சேர்ந்தன

1960இல் யூபாரியில் ஏறத்தாழ 1,17,000 பேர் வாழ்ந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இருந்தன. வீடு, குளியல் கூடம், மருத்துவமனை எல்லாம் சுரங்க நிறுவனங்களே நடத்தின. அந்தந்தச் சுரங்கத்தை ஒட்டி அந்தந்தப் பள்ளத்தாக்கில் குடியிருப்பு வளர்ந்தது. 763 சதுர கிலோமீட்டரில் ஊர் சிதறிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

ஜப்பான் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1981 அக்டோபரில் புதிய சுரங்கம் ஒன்றில் வாயு வெடித்துக் கிளம்பி 93 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு அது மூடப்பட்டது. கடைசிச் சுரங்கம் 1990இல் மூடியது.

நிறுவனங்கள் கிளம்பியபோது வீடுகளையும் மருத்துவமனையையும் விட்டுவிட்டுப் போயின. ஆட்கள் இன்னும் அங்கே குடியிருந்தார்கள். தண்ணீரை நிறுத்த முடியாது, மருத்துவரை அனுப்பிவிட முடியாது. எல்லாவற்றையும் நகராட்சியே விலைக்கு வாங்கிப் பழுது பார்த்து நடத்த வேண்டியதாயிற்று. சுரங்க மூடலின் பின்விளைவுகளைச் சமாளிக்க 1979 முதல் 1994 வரை நகராட்சி செலவிட்டது 5,830 கோடி யென். அதில் 3,320 கோடி யென் கடன்.

யூபாரி என்றாலே ஊதாரித்தனமாகச் செலவு செய்த ஊர் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்த எண்களைப் பார்ப்பதில்லை. கடனின் முதல் அடுக்கு, தனியார் நிறுவனங்கள் விட்டுச்சென்ற பொறுப்பை ஒரு சிறு நகராட்சி தோளில் ஏற்றிக்கொண்டதால் வந்தது. அந்தச் செலவைத் தவிர்த்திருக்கவே முடியாது என்பது என் எண்ணம்.

சுற்றுலாவில் கட்டிய பணம்

இரண்டாவது அடுக்கு வேறு வகை. 1979இல் மேயரான நகாதா தெத்சுஜி 2003 வரை, 24 ஆண்டுகள், அந்தப் பதவியில் இருந்தார். நிலக்கரியிலிருந்து சுற்றுலாவுக்கு என்பது அவர் முழக்கம். 1983இல் நிலக்கரி வரலாற்றுக் கிராமம் என்ற பெயரில் அருங்காட்சியகமும் கேளிக்கைப் பூங்காவும் சேர்ந்த வளாகம் எழுந்தது. ஊருக்கு 10 கோடி யென் என்று மத்திய அரசு எல்லா நகராட்சிகளுக்கும் கொடுத்த பணத்தை வைத்து 1990இல் திரைப்பட விழா தொடங்கினார்கள். நாடு முழுக்க அவரைப் பாராட்டினார்கள்.

1990களில் ஜப்பானின் பொருளாதாரம் விழுந்ததும் சுற்றுலாக் கூட்டம் குறைந்தது. தனியார் முதலீட்டாளர்கள் கழன்றுகொண்டார்கள். ரேசி மலைப் பனிச்சறுக்கு விடுதியை நடத்திவந்த நிறுவனம் விலகியபோது, மூடினால் வேலை போகுமே என்று 2002இல் சுமார் 260 கோடி யென் கொடுத்து நகரம் அதையும் எடுத்துக்கொண்டது. ஆண்டு வருமானம் 440 கோடி உள்ள ஊர் ஒரு விடுதிக்கு 260 கோடி கொடுத்தது! ரேசி மலையையும் சேர்த்து நான்கு சுற்றுலாச் சொத்துக்களை 2017இல் நகரம் விற்றபோது கிடைத்தது சுமார் 22 கோடி யென்.

இதே நேரத்தில் வரவும் சுருங்கியது. நிலக்கரி ஊர்களுக்கு உதவி செய்ய 1961இல் வந்த சிறப்புச் சட்டம் 2001இல் காலாவதியானது. அடுத்த சில ஆண்டுகளில் பகிர்வு நிதியும் வெட்டப்பட்டது. செலவோ இறங்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் பள்ளி, சமுதாயக் கூடம், குளியல் கூடம். இதே அளவுள்ள பிற நகரங்களைப் போல இரு மடங்கு ஊழியர்கள்.

ஓட்டையை மறைத்த இரண்டு மாதங்கள்

சுற்றுலாக் கணக்கில் ஆண்டுதோறும் துண்டு விழுந்தது. அதை வெளியே காட்டியிருந்தால், பற்றாக்குறை நிலையான நிதி அளவில் 20 சதவீதத்தைத் தாண்டிய உடனே பழைய சட்டப்படி மத்திய அரசின் சீரமைப்புத் திட்டத்துக்குள் போக நேரிட்டிருக்கும். ஃபுகுஓகா மாகாணத்தின் அகாய்கே என்ற சிற்றூர் 1992இல் அப்படிப் போய் 2001இல் மீண்டு வந்தது. யூபாரி அந்த வழியில் போகாமல், கைமாற்று வாங்கிச் சமாளித்தது.

நகராட்சிகள் கைமாற்று வாங்குவது சட்டப்படி சரியே. வரி வசூலாவது ஒரு மாதம், சம்பளம் போடுவது இன்னொரு மாதம் என்பதால், நடுவில் வங்கியிடம் குறுகிய காலக் கடன் வாங்கலாம். அந்தந்த ஆண்டின் வரவிலிருந்தே அதைத் திருப்பிக் கட்டிவிட வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. மளிகைக் கடையில் பற்று வைத்து, முதல் தேதி சம்பளம் வந்ததும் தீர்ப்பது போன்ற ஏற்பாடு.

இங்கே ஒரு கணக்கியல் வசதியும் சேர்ந்துகொண்டது. ஜப்பானில் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஆனால் மார்ச்சில் முடிந்த வேலைக்கு ஏப்ரலில் பில் வரும் அல்லவா? அதற்காக ஏப்ரல், மே இரண்டு மாதமும் பழைய ஆண்டின் பெயரில் வரவு செலவைப் பதியலாம். ஆக, அந்த இரண்டு மாதமும் பழைய ஆண்டு, புதிய ஆண்டு என்று இரண்டு பேரேடுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். யூபாரி இதைப் பயன்படுத்திய விதம் இதுதான். எளிமைக்காக 10 கோடி என்று வைத்துக்கொள்வோம்:

1. ஆண்டு நடுவில் சுற்றுலாக் கணக்குக்கு 10 கோடி போதவில்லை. நகராட்சி வங்கியில் கைமாற்று வாங்கியது. பொதுக் கணக்கு அதைச் சுற்றுலாக் கணக்குக்குக் கடனாகக் கொடுத்தது.

2. மார்ச் முடிந்தது. சுற்றுலாக் கணக்கில் திருப்பித் தரப் பணமில்லை.

3. ஏப்ரல் பிறந்தது. புது ஆண்டின் பெயரில் புதிய கைமாற்று வாங்கினார்கள். புது ஆண்டின் பொதுக் கணக்கு அந்த 10 கோடியை, பழைய ஆண்டின் சுற்றுலாக் கணக்குக்குக் கடனாகத் தந்தது.

4. சுற்றுலாக் கணக்கு அதை வரவில் எழுதி, பழைய ஆண்டின் பொதுக் கணக்குக்குத் திருப்பிக் கொடுத்தது. அங்கிருந்து பழைய கைமாற்று அடைபட்டது.

5. மே முடிவில் பழைய ஆண்டின் பேரேட்டை மூடும்போது எந்தக் கணக்கிலும் பற்றாக்குறை இல்லை. ஓட்டை முழுதாகப் புது ஆண்டுக்கு நகர்ந்துவிட்டது.

அடுத்த ஆண்டும் இதே சுற்று. அந்த ஆண்டில் புதிதாக விழுந்த துண்டும் வட்டியும் கூடுதலாகச் சேரும். ஒவ்வொரு பதிவையும் தனியாக எடுத்துப் பார்த்தால் ரசீது இருக்கும், கையொப்பம் இருக்கும். சேர்த்துப் பார்த்தால்தான், வாங்கிய கடனையே வரவாக எழுதியிருப்பது தெரியும். 2006இல் உண்மை வெளிவந்தபோது கைமாற்றுக் கடன் மட்டும் 2,900 கோடி யென் அளவுக்கு இருந்தது. நீண்ட காலக் கடன், துணை நிறுவனங்களுக்குக் கொடுத்த உத்தரவாதம் எல்லாம் சேர்த்து மொத்தப் பொறுப்பு சுமார் 6,320 கோடி. மறுபடியும் அந்த 440 கோடியை நினைத்துப் பாருங்கள்.

யாருக்குமே தெரியாதா?

தெரிந்துகொள்ள வழி இருந்தது. ஓராண்டில் அதிகபட்சம் எவ்வளவு கைமாற்று வாங்கலாம் என்ற உச்சவரம்பை, ஜப்பானியச் சட்டப்படி ஒவ்வொரு நகராட்சியும் வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதி மன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும். யூபாரியில் அந்த வரி ஆண்டுக்கு ஆண்டு வீங்கிக்கொண்டே வந்தது. ஊரின் வருமானத்தைப் போலப் பல மடங்கு கைமாற்று எதற்கு என்ற ஒரு கேள்வியிலேயே முடிச்சு அவிழ்ந்திருக்கும். உறுப்பினர்களும் தணிக்கையாளரும் மேலே இருந்த ஹொக்கைடோ மாகாண நிர்வாகமும் அந்த வரியைக் கடந்து போனார்கள். வேலையும் திருவிழாவும் தந்த மேயரைக் கேள்வி கேட்க ஊரில் யாரும் முன்வரவில்லை.

வங்கிகள் ஏன் கொடுத்தன? ஜப்பானில் நகராட்சிக் கடனைத் தள்ளுபடி செய்யச் சட்டமே இல்லை. அமெரிக்க நகரங்களைப் போல நீதிமன்றத்தில் திவால் மனு போட்டுக் கடனைக் குறைத்துக்கொள்ள முடியாது. எப்படியும் அரசு பின்னால் நிற்கும் என்று கடன் கொடுத்தவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. ஹொக்கைடோ மாகாணம் 0.5 சதவீத வட்டிக்கு 3,600 கோடி யென் அளவில் கடன் கொடுத்தது, வங்கிகளுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. ஊரின் நிலையைப் பாராமல் ஆண்டுக்கணக்கில் கடன் கொடுத்தவர்கள் ஒரு யென் கூட இழக்காமல் வெளியேறினார்கள். முழுச் சுமையும் ஊரில் தங்கியவர்கள் தலையில் விழுந்தது. இந்தத் தீர்வில் மிகப் பெரிய அநியாயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

விலை கொடுத்தவர்கள்

2007 மார்ச்சில் தொடங்கிய சீரமைப்புத் திட்டத்தில் வரியும் கட்டணமும் ஏறின. சொத்து வரி 1.4 சதவீதத்திலிருந்து 1.45 ஆனது. குடியிருப்பவர் வரியின் நிலையான பங்கு 3,000 யென்னிலிருந்து 3,500 ஆனது. சிறு வாகன வரி ஒன்றரை மடங்கு. கழிவுநீர்க் கட்டணம் 10 கன மீட்டருக்கு 1,470 யென்னிலிருந்து 2,440 ஆக உயர்ந்தது. குப்பை அள்ளவும் காசு.

சேவைகளோ சுருங்கின. 171 படுக்கை கொண்ட மருத்துவமனை 19 படுக்கை மருத்துவகமாயிற்று. நூலகம் மூடப்பட்டது. பள்ளிகள் இணைக்கப்பட்டு, 2011க்குள் நகரம் முழுமைக்கும் ஒரு தொடக்கப் பள்ளி, ஒரு நடுநிலைப் பள்ளி என்றாகிவிட்டது. மன்ற உறுப்பினர் எண்ணிக்கை 18இலிருந்து 9. மேயரின் மாதச் சம்பளம் 8,62,000 யென்னிலிருந்து 2,59,000. ஊழியர் சம்பளம் சராசரியாக 30 சதவீதம் குறைந்தது, பாதிப் பேர் வேலையை விட்டுப் போனார்கள்.

இதையெல்லாம்விட இரண்டு சிறு மாற்றங்கள் அந்த வாழ்க்கையை அருகில் காட்டுகின்றன. பனி 10 சென்டிமீட்டர் விழுந்ததும் சாலைக்கு வந்துகொண்டிருந்த பனி அகற்றும் வண்டி, திட்டத்துக்குப் பிறகு 15 சென்டிமீட்டர் விழுந்தால்தான் வரும். பாதிப் பேர் முதியவர்களாக இருக்கும் ஊரில், அந்த 5 சென்டிமீட்டர் வித்தியாசத்தில் வாசலைத் தாண்ட முடியாமல் போகும். நகராட்சி அலுவலகத்திலோ மாலை 5 மணிக்கு வெப்பமூட்டியை நிறுத்திவிடுவார்கள். ஆள் குறைந்து வேலை கூடிவிட்டதால் இரவிலும் உட்கார வேண்டிய ஊழியர்கள், பனிச்சறுக்கு உடைகளைப் போட்டுக்கொண்டு கோப்பு பார்த்தார்கள். டோக்கியோ நிர்வாகத்திலிருந்து 2008இல் உதவிக்கு வந்த இளம் ஊழியர் சுசுகி நவோமிச்சி அவர்களில் ஒருவர். 2011இல் 30 வயதில் அவரே யூபாரியின் மேயரானார். 2019 முதல் ஹொக்கைடோவின் ஆளுநர்.

வரி கூடி வசதி குறைந்தால் இடம்பெயர முடிந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். குழந்தை உள்ள குடும்பங்கள் முதலில் போயின. மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 7,334 ஆகிவிட்டது. வரி கட்டுவோர் குறையக் குறைய, எஞ்சியவர் தலையில் சுமை கூடியது. கடனை அடைப்பதை மட்டுமே இலக்காக வைத்த திட்டம் கடனை அடைக்க வேண்டிய ஆட்களையே வெளியே தள்ளியது. இதை மத்திய அரசும் தாமதமாக உணர்ந்து, 2017இல் திட்டத்தைத் திருத்தி ஊரை மீட்கும் வேலைகளுக்கும் பணம் ஒதுக்க இசைந்தது. 2020இல் திறந்த பொதுக் கட்டடத்தில் நூலகமும் பேருந்துக்குக் காத்திருக்கும் இடமும் வந்தன.

ஒரு சட்டமும் நான்கு எண்களும்

யூபாரி விழுந்த சில மாதங்களிலேயே, 2007 ஜூனில், உள்ளாட்சி நிதிநிலையைக் காப்பதற்கான புதிய சட்டம் நிறைவேறியது. 2009 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நகராட்சியும் நான்கு எண்களை ஆண்டுதோறும் தணிக்கை செய்து மன்றத்தில் வைத்து ஊருக்கு வெளியிட வேண்டும்:

1. பொதுக் கணக்கின் பற்றாக்குறை, நிலையான நிதி அளவில் எத்தனை சதவீதம். நகரங்களுக்கு 20 என்றால் சிவப்பு எல்லை.

2. எல்லாக் கணக்குகளையும் சேர்த்த பற்றாக்குறை. சிவப்பு எல்லை 30 சதவீதம். யூபாரி ஆடிய ஆட்டத்தை அடைத்தது இந்த எண்தான். எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்குப் பணம் போனாலும் மொத்தமாகக் கூட்டும்போது ஓட்டை வெளியே தெரிந்துவிடும்.

3. வருமானத்தில் கடன் தவணைக்குப் போகும் பங்கு, மூன்று ஆண்டுச் சராசரியாக. 25 சதவீதம் எச்சரிக்கை, 35 சிவப்பு.

4. வருங்காலச் சுமை. துணை நிறுவனங்களால் நகராட்சியின் மேல் விழக்கூடியதும் உட்பட, இனி அடைக்க வேண்டிய எல்லாம் சேர்ந்து நிலையான நிதி அளவைப் போல எத்தனை மடங்கு. நகரங்களுக்கு 350 சதவீதத்தில் எச்சரிக்கை.

எச்சரிக்கை எல்லையைத் தாண்டினால் நகரமே திருத்தத் திட்டம் போட வேண்டும். சிவப்பு எல்லையைத் தாண்டினால் மத்திய அரசு உள்ளே வரும். சட்டம் வந்த பிறகு இந்தச் சிவப்பு நிலையில் இருப்பது யூபாரி ஒன்றே. விபத்து நடந்த பிறகு கைகாட்டி வைப்பதைவிட முன்பே வைப்பதுதான் மலிவு என்பதை மற்ற ஊர்கள் இந்தச் சட்டத்தால் அனுபவிக்கின்றன. விலையை யூபாரி மட்டும் கட்டுகிறது.

தவணை முடிந்த பிறகு

2010இல் பாக்கியை ஒன்றுதிரட்டிச் சுமார் 3,220 கோடி யென் சிறப்புக் கடன் பத்திரமாக மாற்றினார்கள். அதைத்தான் நகரம் தவணை தவறாமல் கட்டிக்கொண்டு வருகிறது. கடைசித் தவணை போனதும் நான்கு எண்களும் நல்ல நிறத்துக்கு வரும். ஆனால் அந்த எண்களில் எதுவும், ஊரில் ஆள் இருக்கிறார்களா என்பதை அளப்பதில்லை. பகிர்வு நிதி பெரும்பாலும் மக்கள்தொகையைப் பொறுத்துக் கணக்கிடப்படுகிறது. ஆட்கள் குறைந்தால் அதுவும் குறையும். லட்சம் பேருக்காகப் பள்ளத்தாக்குகள் தோறும் போட்ட சாலையும் குழாயும் மட்டும் குறைவதில்லை.

சுசுகி காலத்திலிருந்தே நகரம் சிதறிய குடியிருப்புகளை மையத்தை நோக்கிக் கூட்டி வர முயல்கிறது. 16 கிலோமீட்டர் கிளை ரயில் பாதையை 2019இல் மூடச் சம்மதித்து, பதிலுக்குப் பேருந்துச் சேவைக்கு ரயில் நிறுவனத்திடம் 75 கோடி யென் வாங்கியதும் இந்தக் கணக்கில்தான். 2027 ஏப்ரலில் தவணைச் சுமை இறங்கும்போது, எந்தப் பள்ளத்தாக்கின் குழாயைப் புதுப்பிப்பது, எங்கிருப்பவர்களை வீடு மாறி வரச் சொல்வது என்று மன்றம் ஒவ்வொரு குடியிருப்பாக முடிவெடுக்க வேண்டியிருக்கும்.